பொட்டலம் வெளியே போன கதை

என் கண்ணான மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே மனிதர்கள் இருவரும் சுகம். மூன்றாவதாக ஒன்று வந்து சேர்ந்திருக்கிறது, அதன் சுகத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதமே. நீயும் சுகமாக இருப்பாய் என்று நினைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன். இதை உன்னிடம் சொல்லக்கூடாது என்று உன் அப்பா கையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருக்கிறார். சொல்லக்கூடாது என்றுதான் வாங்கினாரே தவிர, எழுதுவதைப் பற்றி அவர் ஒன்றும் பேசவில்லை. போனில் என்றால் பக்கத்திலேயே நின்று தொண்டையைக் கனைத்துக்கொண்டே இருப்பார், உனக்குத் தெரியாதா.

நீ போன பிறகு வீட்டில் சத்தமே இல்லை என்று புலம்பிக்கொண்டிருந்த மனுஷன், ஒரு நாள் டிரைவிங் ஸ்கூலில் கார் சொல்லிக்கொடுத்துவிட்டு வரும் வழியில் பிராணிகள் காப்பகத்துக்குள் நுழைந்து ஒரு பூனைக்குட்டியோடு வந்து நின்றார். யாரோ அட்டைப்பெட்டியில் வைத்துக் கட்டி பஸ் ஸ்டாப்பில் விட்டுவிட்டுப் போன குட்டியாம். அதனால் பெயர் பொட்டலம். வேண்டவே வேண்டாம் என்றேன். சோபாவைக் கிழிக்கும், பாலைக் கொட்டும், கடைசியில் எல்லா வேலையும் என் தலையில்தான் விடியும் என்றேன். காதில் வாங்கினால்தானே. காப்பகத்து அம்மா கொஞ்ச நாள் கழித்து வீட்டுக்கு வந்து பார்ப்பாராம், குட்டியை வெளியே சுற்ற விடுகிறோம் என்று தெரிந்தால் அந்த நிமிஷமே திரும்ப எடுத்துக்கொண்டு போய்விடுவாராம். அதனால் உன் அப்பா ஜன்னல், பால்கனி, பாத்ரூம் வெண்டிலேட்டர் வரைக்கும் வலை அடித்துவிட்டார். கொசு வருவதற்குக்கூட அவரிடம் லைசென்ஸ் வாங்க வேண்டும்.

பூனை என்றால் பால்தானே என்று கிண்ணம் கிண்ணமாக ஊற்றினார். அது மறுநாளே வேலையைக் காட்டிவிட்டது. முதலில் அவருடைய ஷூவுக்குள். பிறகு சோபாவுக்குப் பின்னால். பிறகு உன் அறையில். உன் தலையணையைப் பற்றி மட்டும் கேட்காதே. நான் ஒரு கையில் துடைப்பமும் இன்னொரு கையில் வாளியுமாக அதன் பின்னால் ஓட, உன் அப்பா கிளாஸுக்கு நேரமாகிவிட்டது, டாக்டரிடம் போனில் கேட்கிறேன் என்று நழுவிவிட்டார். அன்றைக்கு அவரிடம் கார் பழக வந்தது ஒரு பல் டாக்டரம்மா. ஓட்டிக்கொண்டிருக்கிற பெண்பிள்ளை பக்கத்தில் இருக்கும்போது பேதி, கழிச்சல் என்றெல்லாம் எப்படிச் சொல்வது என்று இவருக்கு ஒரே வெட்கம். பூனை டாக்டரிடம் வயிறு கொஞ்சம் சரியில்லை என்று மட்டும் மென்று முழுங்கியிருக்கிறார். அந்த டாக்டர், குட்டி வெளியே போகுதா என்று கேட்டிருக்கிறார். இவரோ, போகவே இல்லைங்க, வந்த நாள்லேர்ந்து ஒரு தடவைகூடப் போகல, அந்த விஷயத்துல நாங்க ரொம்பக் கண்டிப்பு என்றாராம். வந்த நாளிலிருந்தா என்று டாக்டர் பதறிப்போய், உடனே வயிற்றை இளக்குகிற மருந்தைச் சொல்லியிருக்கிறார்.

மருந்தை வாங்கி வந்து, ஊசியில்லாத சிரிஞ்சில் அளந்து, ஒரு சொட்டு சிந்தாமல் கொடுத்துவிட்டு என்னைப் பெருமையாகப் பார்த்தார் பார். அதற்குப் பிறகு நடந்ததை எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது. இரண்டு வேளை மருந்துக்குள் குட்டி துவண்டுவிட்டது. கண் உள்ளே போய்விட்டது, தலையைத் தூக்கவில்லை, கத்துவதற்கு வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு டிரைவிங் ஸ்கூல் காரில் ஏறினேன். உன் அப்பா வீட்டுச் சாவியைப் போட்டு காரைக் கிளப்பப் பார்த்தார், அதனால் வகுப்புக்கு வந்திருந்த பல் டாக்டரம்மாதான் ஓட்டினார். அவர் ஆக்ஸிலேட்டரை மிதிக்க, பதற்றத்தில் இவர் சொல்லிக்கொடுப்பவருக்கென்று தன் பக்கம் இருக்கும் இன்னொரு பிரேக்கை மிதிக்க, கார் நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருந்தது. ஒரு சைக்கிள்காரர் எங்களைத் தாண்டிப் போய், கடையில் ஏதோ வாங்கிக்கொண்டு, திரும்பியும் வந்துவிட்டார். காலை எடுங்க என்று நான் போட்ட சத்தத்தில்தான் வண்டி நகர்ந்தது.

பூனை டாக்டர் கதையைக் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். நான் ரெண்டுக்குப் போகுதான்னு கேட்டேன் சார், நீங்க தெருவுக்குப் போகுதான்னு பதில் சொல்லியிருக்கீங்க என்றார். பல் டாக்டரம்மா சிரிப்பை அடக்க முடியாமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். மருந்தை நிறுத்தி, பாலை நிறுத்தி, தோலுக்கடியில் தண்ணீர் ஏற்றி, இரண்டு நாள் அங்கேயே வைத்திருந்து பிழைக்க வைத்தார்கள். அந்த இரண்டு நாளும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு உன் அப்பா அது ரெண்டுக்குப் போகிற மண் தட்டுக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். முதன்முதலாகக் கெட்டியாகப் போன அன்று, நீ பரீட்சையில் பாஸானபோது கூப்பிட்ட மாதிரி என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். காப்பகத்து அம்மா வந்தார். வலைகளைப் பார்த்தார், தண்ணீர்க் கிண்ணத்தைப் பார்த்தார், எல்லாம் திருப்தி. கடைசியாக, குட்டி வெளியே போகுதா என்று கேட்டார். பட்ட அனுபவம் இருக்கிறதே, உன் அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, நல்லா போகுதும்மா, காலைல ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, நான் பக்கத்துலயே நின்னு பார்த்துக்கிறேன் என்றார். அந்த அம்மா முகம் சுருங்கிப்போய், குட்டியைத் தூக்கிக் கூடைக்குள் வைத்து மூடியைப் பூட்டிவிட்டார். கூடைக்குள்ளிருந்து அது என்னைப் பார்த்துக் கத்துகிறது. நான் என்ன செய்கிறேன் என்று யோசிப்பதற்குள் வாசல் கதவில் முதுகைச் சாய்த்து நின்றுவிட்டேன். இந்த வாசல்ல நின்னு ஒருத்திய பெட்டியோட அனுப்பிட்டேன், இன்னொன்ன அனுப்ப என்னால முடியாதும்மா என்று சொன்னேன். சொன்ன பிறகுதான் நான் அழுகிறேன் என்று தெரிந்தது. வேண்டாம் என்று குதித்தவளும் நான்தான். அப்புறம் அந்த அம்மாவைக் கையைப் பிடித்து அழைத்துப் போய் மண் தட்டையே காட்டினேன். குனிந்து பார்த்தார், நல்லாத்தான் போகுது என்று சிரித்துவிட்டார். பொட்டலம் நம் வீட்டிலேயே தங்கிவிட்டது.

உன் அறை இப்போது அதனுடையது, வந்தால் என்னோடு படுத்துக்கொள். கண்ட நேரத்தில் சாப்பிடாதே, பட்டினியும் கிடக்காதே, ஈரத் தலையோடு வெளியே கிளம்பாதே. ஒன்றே ஒன்று சொல்லவேண்டும். வாயில்லாத அந்தச் சின்ன ஜீவன்கூட, தன் வயிறு எப்படி இருக்கிறது என்று தினமும் எனக்குக் காட்டிவிடுகிறது. நீ எப்போது பேசினாலும் நல்லா இருக்கேம்மா என்பதோடு வைத்துவிடுகிறாய். அடுத்த தடவை நல்லா இல்லை என்றாலும் சொல்லு, நான் பயப்பட மாட்டேன். எல்லா நலமும் உன்னைத் தேடி வரட்டும். அப்பா ஆசியும் உண்டு, அவருக்குத் தெரியாமல் நானே எழுதுகிறேன்.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா