குரல் மட்டும் வருகிறது

இண்டூர்
4.5.1986

அன்புள்ள மாமாவுக்கு,

நானும் நம் பாப்பாவும் சுகம். தர்மன் அண்ணன் குவைத்திலிருந்து லீவில் வந்து, நீங்கள் கொடுத்தனுப்பிய வீடியோ டெக்கையும் கேசட்டையும் சேர்த்துவிட்டார். டி.வி.யில் மாட்டிப் போட்டோம். உங்கள் குரல் கணீரென்று வருகிறது, படம் வரவில்லை. திரை முழுக்க வெள்ளைப் புள்ளி, எறும்பு ஊர்வதுபோல. “சாலா, என்னெ நல்லா பாத்துக்கோ. பாத்துட்டு உம் மனசுல பட்டதெ எழுது” என்கிறீர்கள். எதைப் பார்ப்பது? குண்டாகிவிட்டீர்களோ என்று பாப்பாவும் நானும் சிரித்தோம்.

கிணறு வற்றிவிட்டது. இன்னும் இரண்டு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு அங்கேயே இருந்தீர்களானால் போர் போட்டுவிடலாம்.

இப்படிக்கு,
சாலம்மாள்

குவைத்
23.5.1986

சாலாவுக்கு,

கடிதம் கிடைத்தது. டெக்கின் முன்பக்கம் ‘டிராக்கிங்’ என்று ஒரு திருகு இருக்கும். கேசட் ஓடும்போதே அதை மெதுவாக இரண்டு பக்கமும் திருப்பிப் பார். அதற்கும் சரிவராவிட்டால் வேறு கேசட் போட்டுப் பார். அதில் படம் வந்தால் நம் கேசட்டில் குறை. வராவிட்டால் டெக்கில் குறை.

போர் விஷயம் இருக்கட்டும். படத்தைப் பார்க்கும்வரை இரண்டு வருஷம் என்றெல்லாம் பேசாதே. உடம்பு அசதியாக இருக்கிறது. இத்துடன் நிறுத்துகிறேன்.

சென்றாயன்

இண்டூர்
14.6.1986

மாமாவுக்கு,

திருகித் திருகி விரல் வலித்ததுதான் மிச்சம். நல்லம்பள்ளியிலிருந்து சினிமா கேசட் ஒன்று வாடகைக்கு வாங்கிப் போட்டோம். அதிலும் பாட்டு கேட்கிறது, ஆளைக் காணோம். டெக்கில்தான் குறை. பகலெல்லாம் களை வெட்டிவிட்டு வந்து இந்தப் பெட்டியோடு மல்லுக்கட்ட என்னால் ஆகவில்லை.

அப்படி என்ன மாமா அந்தப் படத்தில்? சொல்ல வேண்டியதைக் கடிதத்தில் எழுதினால் ஆகாதா?

சாலம்மாள்

குவைத்
2.7.1986

சாலா,

எழுத உட்கார்ந்து நாலு தடவை கிழித்துப் போட்டேன். அதனால்தான் படம் பிடித்து அனுப்பினேன்.

டெக்குக்குள் படத்துக்கென்று இருக்கும் ஹெட்டில் அழுக்கு படிந்திருக்கும். குரலுக்கு வேறு ஹெட். அதனால் அது கேட்கிறது. நீயே திறக்காதே. தருமபுரி மெக்கானிக்கிடம் கொண்டுபோ.

இங்கே உட்கார்ந்து பார்க்கிற வேலை தருகிறோம் என்கிறார்கள். வேண்டாமென்றால் ஊருக்கு அனுப்பிவிடுவார்களாம். ஆகஸ்டுக்குள் பதில் சொல்ல வேண்டும். பார்த்துவிட்டு நீ ‘இருங்க’ என்றால் இருந்துவிடுகிறேன்.

சென்றாயன்

இண்டூர்
20.7.1986

என் மாமாவுக்கு,

தருமபுரி பஸ்ஸில் டெக்கை மடியில் வைத்துக்கொண்டு போனேன். மெக்கானிக் அக்பர் அலி ஸ்பிரிட் தொட்டு ஹெட்டைத் துடைத்து, கடையிலேயே கேசட்டைப் போட்டார். வெள்ளைப் புள்ளியெல்லாம் விலகி நீங்கள் வந்தீர்கள். கட்டையை ஊன்றிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்து நின்றீர்கள். வலது முழங்காலுக்குக் கீழே லுங்கி சும்மா தொங்கியது.

அக்பர் அலி டி.வி.யை அணைத்துவிட்டு, “நீங்க உக்காருங்கம்மா, டீ சொல்லிட்டு வரேன்” என்று வெளியே போய்விட்டார்.

அந்தக் காலோடு இருந்த மனிதரையா நான் இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொன்னேன்? தர்மன் அண்ணனிடம் கேட்டால் தலையைக் குனிந்துகொள்கிறார். சொல்லக்கூடாதென்று சத்தியம் வாங்கினீர்களாமே. உங்கள்மேல் வந்த கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. என் வாயிலிருந்து ‘இருங்க’ என்று வருமென்று எப்படி நினைத்தீர்கள்?

உட்கார்ந்த வேலையும் வேண்டாம், நின்ற வேலையும் வேண்டாம். டிக்கெட் போட்டதும் தந்தி கொடுங்கள். மெட்ராசுக்கு நானே வருகிறேன்.

பாப்பாவிடம் சொல்லிவிட்டேன். “அப்பாவுக்கு இப்பவும் வலிக்குதாம்மா?” என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை மாமா. நீங்களே வந்து அவளுக்குச் சொல்லுங்கள்.

உங்கள்
சாலா