எஸ்-3 பையிலிருந்த கெராங்

ஜூன் 3, செவ்வாய்

காலையிலிருந்து மழை. ஒரே ஒரு கையெழுத்துக்காக நேற்று வளாகத்துக்குப் போய், விடுதியில் தங்கி, இன்று நாலு மணி நேரம் பேருந்தில் திரும்பல். எங்கள் ஆய்வு மேற்பார்வையாளரான டாக்டர், படிவத்தைப் படிக்கக்கூட இல்லை. பேனாவை இழுத்தார், கொடுத்தார்.

செய்ய வேண்டியவை:
- பூட்ஸ் கழுவ (சேறு காய்ந்து நாறுகிறது)
- மூன்றாம் அத்தியாயம்
- மே மாத மாதிரிகள், மூன்று பை. ஆய்வுக்கூட ஃப்ரீசர் ரிப்பேர். ஸ்டெல்லாவின் சுங்கை ஆயர் தாவார் ஊர் வீட்டிலும் இடமில்லையாம், அவள் அம்மா கேட்டரிங் ஆர்டர் எடுத்திருக்கிறார். அதனால் நேற்று எங்கள் வீட்டு ஐஸ்பெட்டியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

ஸ்டெல்லாவும் நானும் ஒரே துறை, ஒரே விடுதி அறை, ஒரே ஆய்வு. முகத்துவாரச் சேற்றில் மூன்று இடம், டிசம்பர் முதல் மே வரை ஆறு மாதம், கெராங் சிப்பியில் எவ்வளவு உலோகம் ஏறியிருக்கிறது என்று பார்ப்பது. மூன்றாவது இடம், எஸ்-3, வாய்க்கால் வாயில். ஐந்து மாதமாக எண் மோசமாக வருவது அங்கேதான். அது இல்லாவிட்டால் இந்த ஆய்வில் ஒன்றுமே இல்லை.

அதே நாள், மாலை

வாசலிலேயே மிளகாய்ச் சம்பால் வாசனை. அக்கா வந்திருக்கிறாள். ஏழு மாதக் கர்ப்பம். மடியில் தட்டு, தட்டோரம் ஓடுகள் குவியலாக.

ஐஸ்பெட்டியைத் திறந்தேன். எஸ்-1 இருக்கிறது. எஸ்-2 இருக்கிறது. எஸ்-3 அக்கா தட்டில்.

கத்தினேன். பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்டார்கள், கேட்கட்டும். ஆறு மாத உழைப்பு, முழங்கால் வரை சேறு, எல்லாம் போயிற்று என்று கத்தினேன். அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஸ்டெல்லா "ஆன்ட்டி, கெராங், பெட்டியில வைங்க" என்று கொடுத்தாளாம். வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை. எங்கள் தோட்டக் குடியிருப்பில் ஒருத்தர் வீடு தேடி வந்து கெராங் கொடுத்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். சமைக்க வேண்டும், முதல் கிண்ணம் அதைக் கொடுத்தவர் வீட்டுக்கே போக வேண்டும். பையில் ஒட்டியிருந்த சீட்டைக் கடைக்காரன் சீட்டு என்று அம்மா நினைத்தாராம். அக்கா ஆசைப்பட்டாள் என்று மூன்றில் பெரிது பெரிதாக இருந்த பையை எடுத்தாராம்.

முதல் கிண்ணம்? மத்தியானம் அப்பா லோரியில் போகும் வழியில் ஸ்டெல்லா வீட்டில் கொடுத்தாகிவிட்டது. மெசேஜ் வந்து கிடக்கிறது: "சம்பால் பெஸ்ட் டி, ஆன்ட்டிகிட்ட சொல்லு." ஆய்வு செய்கிறவளே ஆய்வைத் தின்றுவிட்டு விரலையும் சூப்பியிருக்கிறாள்.

ஜூன் 4, புதன்

வெயில். தலைவலி.

ஸ்டெல்லாவோடு ஒரு மணி நேரம் போனில் சண்டை. மறுபடி மாதிரி எடுக்கலாமென்றால், சேறு அந்த அளவுக்கு வெளியே வரும்படி தண்ணீர் இறங்க இன்னும் பத்து நாள். அதன் பிறகு பரிசோதனை. அறிக்கை கொடுக்க வேண்டியதோ 18-ஆம் தேதி. அதற்கு மகாராணி சொன்ன யோசனை: ஏப்ரல் எண்ணையே கொஞ்சம் மாற்றிப் போட்டுவிடலாம். "யாருடி பாக்கப் போறா? டாக்டரு டேபிள ஸ்க்ரோல் பண்ணுவாரு, அவ்ளோதான் லா." ஜொகூரில் வேலை நேர்முகம் இருக்கிறதாம், ஒரு பருவம் தள்ளிப்போனால் அவள் கதை முடிந்ததாம்.

முடியாது என்றேன். நான் பெரிய உத்தமி என்று பேர் எடுக்கப் பார்க்கிறேனாம். மூன்று வருடம் ஒரே குடையில் போனவள் சொல்கிறாள். வாய்க்கு வந்ததெல்லாம் சொல்லிவிட்டு நானே போனை வைத்தேன்.

பூட்ஸ் இன்னும் கழுவவில்லை.

ஜூன் 5, வியாழன்

நடந்ததை நடந்தபடி டாக்டருக்கு எழுதிவிட்டேன். இரண்டு வரியில் பதில். அந்தக் கட்டத்தைக் காலியாக விடு, காரணம் எழுது. அவ்வளவுதானா? இதற்கா இத்தனை ரகளை? கடன்காரி, ஒரு வார்த்தை "சாம்பிள்" என்று அம்மாவிடம் சொல்லியிருந்தால்.

எழுதினேன்: "மே, எஸ்-3: மாதிரி சமைக்கப்பட்டுவிட்டது." ஸ்டெல்லாவுக்கும் அனுப்பினேன். நீல டிக் விழுந்தது.

ஜூன் 7, சனி

வரைபடங்களை பிரிண்ட் எடுத்து மேசையில் பரப்பியிருந்தேன். அம்மா துணி மடித்துக்கொண்டே, அது என்ன ஒரே சிவப்பு என்று கேட்டார். சாப்பிடக்கூடாத அளவு என்று அர்த்தம், வாய்க்கால் வாயில் எடுத்த கெராங் என்றேன். என்னவோ வகுப்பெடுக்கிற தோரணை எனக்கு.

"அங்கதான நம்ம பாக் சிக்கும் எடுக்கிறாரு?"

பக்கத்துக் கம்பத்து மலாய்க்காரர், எல்லாருக்கும் மாமா. வாரம் ஒரு தடவை மோட்டாரில் கெராங் கொண்டுவருவார். பாதித் தோட்டம் அவரிடம்தான் வாங்குகிறது. ஆமாம், அங்கேதான் எடுக்கிறார். ஒவ்வொரு மாதமும் பார்த்துக் கையசைத்திருக்கிறேன்.

எப்போதிலிருந்து தெரியும் என்று அம்மா கேட்டார். ஜனவரி என்றேன். அம்மா துணியைக் கீழே வைத்தார். அக்கா தூங்கிக்கொண்டிருந்த அறைப் பக்கம் பார்த்தார். குரலை உயர்த்தவே இல்லை.

"பை போச்சுன்னு அன்னைக்கு அந்தக் கத்து கத்தினியே. அக்கா திங்கிறாளேன்னு ஒரு வார்த்தை கத்தலியேம்மா."

எனக்கு எழுந்து போகவும் தெரியவில்லை, உட்காரவும் தெரியவில்லை. அந்த நிமிடம் வரை அது தோன்றவே இல்லை என்பதுதான் உண்மை. பட்டமாம், கடல் அறிவியலாம். த்தூ.

ஸ்டெல்லாவுக்கு போன் அடித்தேன். சண்டையை விட்டுவிட்டு விஷயத்தை மட்டும் சொன்னேன். "எங்கம்மாவும் சாப்பிட்டாங்க டி" என்று அழுதாள். நான் அழவில்லை, என் மேல் அவ்வளவு கோபம்.

ஜூன் 9, திங்கள்

மேகமூட்டம். அக்காவைக் கிளினிக்கில் காட்டி ரத்தப் பரிசோதனை எழுதி வாங்க வேண்டும், புதன்கிழமை நம்பர் கிடைத்திருக்கிறது.

பத்து மணிக்கு வாசலில் ஹார்ன். பாக் சிக். அம்மா அடுப்படியிலிருந்து நகரவில்லை. "நீயே போய் சொல்லு."

போனேன். மலாயில் தட்டுத் தடுமாறிச் சொன்னேன். உலோகம், வாய்க்கால், ஐந்து மாதம். எஞ்சினை அணைத்துவிட்டு முழுதும் கேட்டார். கோபப்படுவார் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் கேட்டார், பல்கலைக்கழகத்துக்கு இது தெரியுமா என்று. தெரியும் என்றேன். டாக்டருக்கு? தெரியும். கூட வரும் அந்தப் பெண்ணுக்கு? தெரியும்.

"தினமும் அந்தச் சேத்துல நிக்கிறவன் நான். எனக்கு மட்டும் யாரும் சொல்லலியே."

பக்கத்து வீட்டு ஆன்ட்டி கையில் பாத்திரத்தோடு வந்து நின்றார். அரைக் கிலோ கெராங் வேண்டுமாம்.