துப்பாக்கிக் கைமாற்றுக் கூலிக்கு முள்ளிப்பேட்டையார் மனம் ஒப்பிய விவரம்

நலம் பெருகுக. மலை மூன்றும் கடல் ஒன்றும் காவல் நிற்கும் கருவேங்கை நாட்டை ஒரு குடைக்கீழ் ஆளும் மகாராணி உலகுடை நங்கையாரின் வலக்கை போன்றவரும், சொல்லில் தவறாதவரும், கணக்கில் அயராதவருமாகிய பேரமைச்சர் கொற்றங்குடி வேளார் சமூகத்துக்கு, எல்லைப் பட்டணம் முள்ளிப்பேட்டையின் வீதிவிசாரிப்பு நற்சாத்தன் பணிந்து விடுக்கும் ஓலை. தங்கள் மாளிகையும் பசுக்களும் நலமே இருக்க வேண்டும். இளைய மருமகனாரோடு போன மாதம் ஏற்பட்டதாக இங்கே பேசிக்கொள்ளும் மனத்தாங்கலும் இதற்குள் தீர்ந்திருக்க வேண்டும். யார் சொன்னது என்று கேட்க வேண்டாம். விசாரிப்பது அடியேன் உத்தியோகம்.

வெளியூரில் துப்பாக்கி வாங்குவோர், அதைத் தம் ஊர்க் கடைக்காரர் வழியாகப் பெறும்போது அவருக்குக் கொடுக்கும் கைமாற்றுக் கூலி எவ்வளவு இருந்தால் நியாயம் என்று வாங்குவோரையே கேட்டு எழுதுமாறு தாங்கள் விடுத்த கட்டளையைத் தலைமேல் கொண்டேன். கேட்டேன். கேட்காமலே இருந்திருக்கலாம்.

தங்கள் சமூகம் அறிந்த சட்டந்தான். பவழத்துறைத் துறைமுகத்தில் விலைக்கு வாங்கிய துப்பாக்கி நேரே வாங்கியவர் வீட்டுக்குப் போகலாகாது. அவர் ஊரில் அரண்மனை உரிமை பெற்ற கடைக்கு வர வேண்டும்; அங்கே கடைக்காரர் வாங்கியவரின் முகம் பார்த்து, பழைய குற்றம் உண்டா என்று விசாரித்து, துப்பாக்கிக் கட்டையில் முத்திரை குத்திக் கொடுக்க வேண்டும். கூலியை மட்டும் சட்டம் சொல்லவில்லை. வாங்குவோர் மனம் ஒப்புவதே கூலி என்று பெருந்தன்மையாக விட்டுவிட்டது. ஆகையால் இரு சாட்சிகள் முன்னே குழலின்மேல் கை வைத்து, மகாராணியார் பெயரால் “மனம் ஒப்பினேன்” என்று சொன்னால்தான் துப்பாக்கி கைக்கு வரும். சொன்னவர் பிறகு முறையிட முடியாது. எங்கள் ஊரிலிருந்து இதுவரை ஒரு முறையீடும் தலைநகருக்கு வராததன் மகிமை இதுவே.

வாங்கியவர்கள் சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறேன். வெல்ல மண்டிக்காரர், “மூஞ்சியப் பாத்து முத்திரை குத்த எவ்வளவு நேரமாகும்? முகம் மழிக்கக் குடுக்கறதைக் குடுத்தாப் போதாதா” என்றார். ஒரே நாளில் இரண்டு துப்பாக்கி எடுத்த வேட்டைக்காரர், “துப்பாக்கி ரெண்டுன்னாலும் மூஞ்சி ஒண்ணுதானேங்க, ஒரு கூலி வாங்கினா ஆகாதா” என்று கேட்டார். நியாயமாகவே பட்டது. கோயில் காவலாளியோ, மரியாதையாக உட்காரவைத்து மோர் கொடுத்தால் இரட்டிப்பாகவும் தரலாம் என்கிறார். அந்தக் கடையில் மோர் கண்டவர் எவருமில்லை. வாங்குவதற்கு முன்பே கூலியைச் சொல்லிவிட வேண்டும், துப்பாக்கி வந்து இறங்கியபின் சொல்வது கழுத்தைப் பிடிப்பது போல இருக்கிறது என்பதில் மட்டும் எல்லோரும் ஒரே குரல். ஆனாலும் எல்லோரும், முகத்தைப் பாகற்காய் தின்றதுபோல் வைத்துக்கொண்டு, ஒப்பினேன் என்று சொல்லியே எடுத்துப் போயிருக்கிறார்கள்.

ஊரின் ஒரே உரிமைக் கடைக்காரர் தாண்டவராயரையும் குறை சொல்லிவிட முடியவில்லை. அவர் கடையிலேயே துப்பாக்கிகள் தூசி படிந்து தொங்குகின்றன. சனங்களோ மலிவு என்று பவழத்துறைக்கு ஓடுகிறார்கள். “அங்க வாங்கினதுக்கு இங்க நான் ஜாமீன். நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா சேவகருங்க வந்து நிக்கறது என் வாசல்லதான்” என்றார். அதுவும் நியாயமாகவே பட்டது. இந்தப் பாழும் குணத்தால்தான் அடியேன் இன்னும் வீதியைத் தாண்டி மேலே வரவில்லை.

இதற்கிடையில் வந்து சேர்ந்தாள் குறும்பாயி. மலையடியில் வள்ளிக்கிழங்கு போட்டிருப்பவள். மலையிலிருந்து காட்டுப்பன்றிகள் இறங்கத் தொடங்கியதும், ஆடுகளை விற்றுப் பவழத்துறையில் ஒரு பழைய துப்பாக்கி வாங்கிவிட்டாள். அது கடைக்கு வந்தது. தாண்டவராயர் கேட்ட கூலி துப்பாக்கியின் விலையில் பாதி. கம்மலைக் கழற்றினால் கொடுக்கலாம். ஆனால் ஒப்பினேன் என்று சொல்ல மாட்டேன் என்றுவிட்டாள்.

“எல்லாரும் சொல்றதுதானே ஆத்தா. சொல்லிட்டு எடுத்துட்டுப் போ” என்றார் கடைக்காரர்.

“எல்லாரும் சொன்னதாலதானேங்க நீங்க இவ்வளவு கேக்கறீங்க” என்றாள் அவள்.

அடியேனும் சாட்சியாக அங்கே இருந்தேன். ஒரு வார்த்தைதானே, மனத்தில் இல்லாவிட்டால் என்ன என்று எடுத்துச் சொன்னேன். “நீங்க அரமனை ஆளு, உங்களுக்குப் பழக்கம். எனக்கு மகாராணி பேரைச் சொல்லிப் பொய் பேச வரலீங்களே” என்றாள். கடைக்காரரிடம் குறைக்கச் சொன்னேன். இவளுக்குக் குறைத்தால் முன்னே கொடுத்தவர்கள் எல்லோரும் மிச்சம் கேட்டு வருவார்கள், அதை நீர் கொடுப்பீரா என்று கேட்டார். அடியேன் சம்பளம் மழைக்கு முன்பிருந்து நின்றிருப்பதை நினைவூட்ட இது இடமல்ல. அவளுக்காக இன்னொருவர் ஒப்பினாலும் செல்லாது என்பது சட்டம். கட்டளையிடும் அதிகாரம் எனக்கில்லை. கேள்வி கேட்கும் அதிகாரம் மட்டும் இருந்தது. அதை வைத்துக்கொண்டு ஒரு பன்றியைக்கூட விரட்ட முடியாது.

துப்பாக்கி கடைச்சுவரில் தொங்கியது. அவளும் அவள் புருஷனும் பித்தளைத் தாம்பாளத்தைத் தட்டிக்கொண்டு கிழங்குக் காட்டில் நின்றார்கள். முதலில் பன்றிகள் அதற்குப் பயந்தன, பிறகு பழகிவிட்டன. கிழங்கு முற்றும் தறுவாயில் காடு முழுவதையும் உழுது போட்டுவிட்டுப் போயின. ஒரு வருஷச் சோறு. நேரில் போய்ப் பார்த்தேன். பார்த்தது தவிர ஒன்றும் செய்யவில்லை.

மறுநாள் கைமண்ணைக்கூடக் கழுவாமல் கடைக்கு வந்தாள். கம்மலைப் பலகைமேல் வைத்தாள். குழலின்மேல் கை வைத்து, தெளிவாக, “மனம் ஒப்பினேன்” என்றாள். தாண்டவராயர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பார்ப்பதற்குத்தான் கூலி என்பதை அப்போது யாரும் எடுத்துச் சொல்லவில்லை. ஒரு கொம்பு நிறைய வெடிமருந்தை எடுத்து, இது இனாம், வைத்துக்கொள் என்று நீட்டினார். அவள் அதைத் தொடவில்லை. “கூலிக்கு மட்டுந்தான் ஒப்பினேன்” என்று சொல்லி, துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு, காவல் காக்க ஒன்றுமில்லாத காட்டுக்குப் போனாள்.

கூலியை அரண்மனையே வரையறுத்துக் கடை வாசலில் எழுதித் தொங்கவிடுவதும், அந்த ஒரு வார்த்தையை எடுத்துவிடுவதும் சமூகத்தின் சித்தம். அடியேனிடம் கேட்ட கேள்விக்குச் சட்டப்படியான விடை இது: முள்ளிப்பேட்டையில் துப்பாக்கி வாங்கியோர் அனைவரும், மலையடிக் குறும்பாயி உள்பட, இப்போது வாங்கப்படும் கூலியே நியாயம் என்று மனம் ஒப்பியிருக்கிறார்கள். அதற்கு அடியேனே சாட்சி.

ஓலை சுருட்டி, அரக்கு உருக்கி, வீதிவிசாரிப்பு முத்திரை இட்டேன். மகாராணியார் கோல் நிமிர்ந்து நிற்க. கட்டளை எதுவாயினும் அடுத்த கிழங்கு நடவுக்கு முன் வந்து சேர்க.