பிரித்துப் பார்க்காத எண்

பெங்களூரு
9.1.2024

கௌசியாவுக்கு,

ஸலாம் எழுத மனம் வரவில்லை. ரஷீத் அண்ணன் மூன்று நாள் வயிற்று வலியில் துடித்து மௌத்தானார். சேலம் ஆஸ்பத்திரியில் எடுத்து வைத்திருந்த அவர் சிறுநீரை என் ஆய்வகத்துக்கு வரவழைத்து நானே சோதித்தேன். ஆர்சனிக் வழக்கத்தைவிட முப்பது மடங்கு. அவருக்குச் சமைத்துப் போட்டவள் நீ ஒருத்திதான். நாமக்கல்லுக்குப் போன் போட்டு ஷாஹுல் அண்ணனிடம் சொல்லிவிட்டேன். என்ன கலந்தாய்?

ஹஃப்சா

ஆத்தூர்
16.1.2024

அன்புள்ள ஹஃப்சாவுக்கு உங்கள் மதினி எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும்.

இடது கையால் எழுதுகிறேன், எழுத்துக் கோணலைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் போன் வந்தபோது நான், கணவரை இழந்தவள் வெளியே வராமல் இருக்க வேண்டிய இத்தாவில் இருந்தேன். ஷாஹுல் என் முடியைப் பிடித்து வாசல்வரை இழுத்தார். "எங்கண்ணனுக்கு என்னத்தடி போட்டே?" என்று லாரி ஜாக்கி கம்பியால் அடித்தார். வலது கை முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. மாமி, உங்கள் அம்மாதான், "உடாதே, உண்மையச் சொல்ற வரைக்கும் அடி" என்றார்கள். முன்பல் இரண்டு போயிற்று. போனையும் உடைத்துவிட்டார்கள். பக்கத்து வீட்டு அன்பரசு குறுக்கே விழுந்து தலையில் அடி வாங்கியதால் உயிரோடு அம்மா வீடு வந்தேன்.

நான் எதுவும் கலக்கவில்லை. உங்கள் அண்ணன் நாகூருக்குப் போய், நான்கு நாளும் இறால்தான் சாப்பிட்டேன் என்று சிரித்துக்கொண்டே வந்தார். மறுநாள் வலி வந்தது.

கௌசியா

பெங்களூரு
29.1.2024

மதினி,

நாகூர், இறால் என்று படித்ததும் என் சோதனைக் குறிப்பைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். நான் அளந்தது மொத்த ஆர்சனிக். இறாலில் இருக்கும் ஆர்சனிக் தீங்கு செய்யாமல் வெளியேறிவிடும். ஆளைக் கொல்வது வேறு வகை ஆர்சனிக். பிரிக்காவிட்டால் இரண்டும் ஒரே எண்ணாகத் தெரியும். இது எனக்குத் தெரியும் மதினி. தெரிந்தும் பிரிக்காமல் போனை எடுத்தேன்.

மிச்சமிருந்ததை முடி போன்ற கண்ணாடிக் குழாயில் செலுத்தி, முப்பதாயிரம் வோல்ட் கொடுத்தேன். ஒவ்வொரு சேர்மமும் தன் வேகத்தில் ஓடித் தனியாக வெளிவரும். முனையில் இருக்கும் கருவி அதன் எடையைப் பார்த்து இன்னதென்று காட்டும். மூன்று முறை ஓட்டினேன். வந்தது இறால் ஆர்சனிக்தான். விஷம், ஊரில் யாருக்கும் இருக்கும் அளவுகூட இல்லை. பிரேதப் பரிசோதனை அறிக்கையும் வந்துவிட்டது. குடல் முறுக்கிக் கிழிந்திருக்கிறது.

மன்னிப்பீர்களா?

ஹஃப்சா

ஆத்தூர்
6.2.2024

ஹஃப்சாவுக்கு,

ஷாஹுல் அடித்ததைப் புகாராக எழுதி, உங்கள் கடிதத்தோடு நாமக்கல் போலீசில் கொடுத்தேன். "எழுதுனவங்க நேர்ல வந்து சொல்லணும்மா" என்கிறார் ஏட்டு. அன்பரசுக்கு ஒரு காது கேட்கவில்லை. அவரையும் என்னையும் சேர்த்து உங்கள் வீட்டார் ஊரெல்லாம் அசிங்கமாகப் பேசுகிறார்கள்.

மன்னிப்பைப் பற்றி எழுத என்னால் முடியவில்லை. ஷாஹுல் உங்கள் உடன்பிறந்தவர் என்பதும் தெரியும். முடிந்தால் வந்து சொல்லுங்கள்.

கௌசியா

ஆத்தூர் பஸ் ஸ்டாண்ட்
12.2.2024

அன்புள்ள மதினிக்கு,

நாமக்கல் போலீஸ் ஸ்டேஷன் வாசலிலேயே ஷாஹுல் அண்ணன் என்னை அறைந்து கீழே தள்ளினார். உதடு கிழிந்தது. எழுந்து உள்ளே போய் எழுதிக் கொடுத்தேன். பிரித்துப் பார்த்த சோதனை அறிக்கையோடு, அவருக்கு நான் போன் செய்ததையும், பிரித்துப் பார்க்காமல் சொன்னதையும் எழுதினேன். மாலையில் அவரைக் கைது செய்தார்கள். "எனக்கு மக இல்லே" என்று அம்மா கதவைச் சாத்திவிட்டார்கள்.

இங்கிருந்து உங்கள் தெரு ஐந்து நிமிட நடை. நான் வரவில்லை. இதைத் தபாலில் போட்டுவிட்டு பஸ் ஏறுகிறேன். கூப்பிட்டால் வருவேன். கூப்பிடாவிட்டாலும், கோர்ட்டில் ஒவ்வொரு வாய்தாவுக்கும் உங்கள் பக்கம் வந்து நிற்பேன்.

ஹஃப்சா