ஃபிரிட்ஜில் வைத்த சாயம்

மார்ச் 4
கண்ணாடிக் கடைக்காரர் தலைக்குச் சாயம் போட என் சலூனுக்கு வந்தார். இரண்டு தெரு தள்ளி மூக்குக்கண்ணாடி விற்கிறவர், மனைவியை இழந்தவர். நான் கல்யாணமே பண்ணிக்கொள்ளாதவள்.

வெள்ளைப் பசையில் நிறமேற்றும் திரவமான டெவலப்பரைக் கலந்ததுமே வேலை தொடங்கிவிடுகிறது. மெல்லப் பழுப்பேறும், வாடை மூக்கில் ஏறும், கிண்ணத்தின் அடியில் லேசாகச் சூடு தட்டும். ரசாயன மாற்றத்துக்கு எத்தனை அடையாளம்! என் முகத்தில்தான் ஒன்றும் தெரிவதில்லை போல.

கூட வேலை பார்க்கிற தங்கை பெரிய கெட்டிக்காரி மாதிரி சூட்டுத் தொப்பியை எடுத்து அவர் தலையில் மாட்டினாள். "சூடு பட்டா சீக்கிரம் பிடிச்சிரும்க்கா!" பிடித்துவிட்டது. அலசினேன். போய்விட்டார். பாவி, கெடுத்துவிட்டாள்.

மார்ச் 5
சூட்டில் வேகம் என்றால், குளிரில்?

மார்ச் 30
டெவலப்பர் பாட்டிலை ஃபிரிட்ஜில் வைத்தேன்.
"பாலுக்குப் பக்கத்துல இது என்னக்கா?"
"கெட்டுப்போகாம இருக்கத்தான்."
நம்பினாள் என்று தோன்றவில்லை.

ஏப்ரல் 2
பலித்தது! பசை வெகுநேரம் வெளுத்தே கிடந்தது, பழுப்பேற அதற்கு மனமே வரவில்லை. மின்விசிறியையும் அவர் பக்கம் திருப்பிவிட்டேன்.
"தல ஜில்லுன்னு இருக்குங்க."
"நல்லதுதாங்க."
சாப்பிடும்போது ரேடியோவைப் போட்டுக்கொள்வாராம், யாரோ கூட இருக்கிற மாதிரி இருக்குமாம். நானும் அப்படித்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் தங்கை, "அக்கா, கறுத்து ரொம்ப நேரமாச்சு" என்றாள்.

மே 6
வரவில்லை.

மே 19
இன்றும் இல்லை. கதவு திறக்கும்போதெல்லாம் கழுத்து தானாகத் திரும்புகிறது. இந்த வயசுல வெட்கமா இல்லையா எனக்கு? இல்ல. அவர் வரணும். அவ்வளவுதான்.

ஜூன் 8
"அவர் தல முழுக்க வெள்ளக்கா. சாயத்த விட்டுட்டாரு போல." தங்கை கடைப்பக்கம் போனபோது பார்த்தாளாம்.
ஒரு கிண்ணம் சாயம். எனக்கிருந்த ஒரே சாக்கு. அதுவும் போச்சு. பாட்டிலை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துவிட்டேன். அழுதேன்.

ஜூன் 11
கண்ணைச் சோதிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு அவர் கடைக்குப் போனேன். என் கண்ணில் ஒரு குறையும் இல்லை. வெள்ளை முடி அவருக்கு நன்றாகத்தான் இருக்கிறது.

"சாயம் ஒத்துக்கல, டாக்டர் வேணாம்னுட்டாரு. அப்புறம் என்னன்னு சொல்லி அங்க வர்றது?" என்றார், லென்ஸைத் துடைத்துக்கொண்டே.

எதிரே எழுத்துப் பலகை. "இது தெளிவா இருக்கா? இல்ல, இதுவா?" ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல் மாற்றினார். ஓரத்தில் கீறல் விழுந்த அதே லென்ஸ் மூன்றாவது முறையும் வந்தது.

"சரியாத் தெரியலீங்க" என்றேன்.