சராசரி அறுபத்தேழே முக்கால்

மார்ச் 3

என் டோட்டல் சார் அப்பாவுக்கு,

உங்கள் குட்டி எழுதுவது. நலம்தான். முதியோர் இல்லத்து வேலை ஓடிக்கொண்டிருக்கிறது. மூன்றாம் மாடித் தாத்தா ஒருவர், நான் போர்வை மாற்றும்போதெல்லாம் என் பிரெஞ்சைத் திருத்துகிறார். நேற்று திருத்தித் திருத்திக் களைத்துப்போய் அவரே தூங்கிவிட்டார்.

போன் பண்ணாமல் எழுதுகிறாளே என்று கோபிக்காதீர்கள். இடது காது இன்னும் மந்தமாகத்தான் இருக்கிறது. போனில் உங்கள் பேச்சில் பாதிதான் விழுகிறது. உங்களுக்கும் மெசேஜ் எல்லாம் ஆகாது.

இந்த நாட்டில் நிரந்தரமாகத் தங்க விண்ணப்பிப்பதற்காக ஒரு பிரெஞ்சுத் தேர்வு எழுதினேனே, அதன் முடிவு வந்துவிட்டது. நகலை இதோடு வைத்திருக்கிறேன். நான் என்ன சொல்ல? நீங்களே பாருங்கள். மார்க் விஷயத்தில் உங்களுக்குத் தெரியாததா?

ஒரு வேலை இருக்கிறது. நம்மூர் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் எனக்குக் கொடுத்த நீண்ட விடுப்பு இந்த மாதக் கடைசியில் முடிகிறது. நான் கையெழுத்துப் போட்டு உங்களிடம் விட்டுவந்த இரண்டு வெற்றுத் தாள்களில் ஒன்றை எடுத்து, இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கச் சொல்லி எழுதிக் கொடுத்துவிடுங்கள். மறந்துவிடாதீர்கள்.

உங்கள் செல்லம்,
குட்டி


மார்ச் 14

என் கண்ணான குட்டிக்கு,

ஆயிரம் ஆசிகள். தபால்காரர் தெருமுனை தாண்டுவதற்குள் உறையைப் பிரித்துவிட்டேன்.

அந்தத் தாளில் பாஸ், பெயில் என்று ஒரு இடத்திலும் போடவில்லையே, என்ன பள்ளிக்கூடம் நடத்துகிறார்கள்? இரண்டு பாடம் 699-க்கு, இரண்டு பாடம் 20-க்கு. முப்பத்தோரு வருடம் பள்ளி அலுவலகத்தில் மார்க் பட்டியல் போட்டவனை இது மிரட்டுமா? நான்கையும் நூற்றுக்கு மாற்றினேன். கேட்டல் 63, படித்தல் 73, பேசுதல் 65, எழுதுதல் 70. சராசரி அறுபத்தேழே முக்கால். முதல் வகுப்பு! நீ அடக்கமாக "நான் என்ன சொல்ல" என்று எழுதியதைப் படித்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. உன் அக்காவிடம் சொன்னேன், மாடி வீட்டுத் தையல்காரரிடம் சொன்னேன், கேட்காதவர்களிடமும் சொன்னேன்.

இனி உனக்கு விடுப்பு எதற்கு? உன் இடத்தில் ஒரு பெண் இரண்டு வருடமாகத் தற்காலிகமாகவே வேலை பார்க்கிறாள். திரும்பி வராதவள் நாற்காலியைப் பிடித்து வைத்திருப்பது நியாயமில்லை. உன் தாளில் ராஜினாமா எழுதி, நானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். அந்தப் பெண் அழுதே விட்டாள். புண்ணியம் உனக்குத்தான்.

வேளைக்குச் சாப்பிடு.

தலைகால் புரியாத,
அப்பா


மார்ச் 16

அன்புள்ள அப்பாவுக்கு,

என் கடிதம் இந்நேரம் கிடைத்திருக்கும். அதில் சொல்லாமல் விட்டதை இன்று சொல்லிவிடுகிறேன். அன்றைக்குத் தைரியம் வரவில்லை.

அந்த மார்க்கைக் கூட்டக் கூடாது அப்பா. நான்கையும் தனித்தனியாக ஒரு அட்டவணையில் பார்த்து நிலை போடுவார்கள். நான் விண்ணப்பிக்கும் பிரிவுக்கு நான்கிலும் ஏழாம் நிலை வேண்டும். ஒன்று குறைந்தாலும் மற்ற மூன்றும் கைகொடுக்காது. படித்தல், பேசுதல், எழுதுதல் மூன்றிலும் ஏழைத் தாண்டிவிட்டேன். கேட்டலுக்கு 458 வேண்டும். எனக்கு 441. ஆறாம் நிலை. ஒலிப்பதிவை ஒரே ஒரு தடவைதான் போட்டார்கள். பின்வரிசையில் உட்கார்ந்து, வலது காதை ஒலிபெருக்கிப் பக்கம் திருப்பிக்கொண்டே இருந்தேன்.

மறுபடி எழுத இடம் கிடைத்து முடிவு வருவதற்குள் என் வேலை அனுமதி முடிந்துவிடும். ஏப்ரல் கடைசிவரைதான். அழுது தீர்த்துவிட்டேன். என் நாற்காலி அங்கே இருக்கிறது என்ற ஒரே நினைப்பில்தான் தூங்குகிறேன். விடுப்புக் கடிதம் கொடுத்துவிட்டீர்கள்தானே?

உங்கள்,
குட்டி


மார்ச் 27

குட்டிம்மா,

என் கடிதம் உனக்குக் கிடைத்திருக்கும். உன்னுடையது இன்று காலை வந்தது. படித்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு பரிசோதனைக் கூடத்துக்கு ஓடினேன்.

மேலாளர் அம்மா, "நீங்களேதானே சார் கொண்டாந்து கொடுத்தீங்க? மறுநாளே அந்தப் பொண்ணை நிரந்தரமாக்கியாச்சு. வேற இடமும் காலி இல்லையே" என்றார். நான் எழுதியதை எடுத்துக் காட்டினார். ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. கீழே உன் கையெழுத்து.

அந்தப் பெண் எழுந்துவந்து எனக்கு நாற்காலி போட்டாள். "உக்காருங்க ஐயா. அக்கா நல்லா இருக்காங்களா?" என்று கேட்டாள். வாங்கின வேலையைத் திருப்பிக் கொடு என்று எந்த வாயால் கேட்பேன்? தண்ணீர் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அந்தத் தாளை மறுபடி எடுத்துப் பார்த்தேன். நான்கு வரிக்கும் பக்கத்திலேயே நிலை அச்சாகியிருக்கிறது. கேட்டலுக்கு ஆறு, மற்றவற்றுக்கு எட்டு, எட்டு, ஒன்பது. அதைப் பார்க்காமல் பென்சிலால் அதன் மேலேயே கூட்டல் போட்டிருக்கிறேன். உன் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டேன். என்னைத் திட்டியாவது ஒரு வரி எழுது.

அப்பா


ஏப்ரல் 7

அப்பாவுக்கு,

உங்கள் இரண்டு கடிதங்களும் கிடைத்தன.

கோபமில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். வரவில்லை. தோற்றுவிட்டேன் என்று ஒரு வரி எழுதப் பயந்து, தாளை மட்டும் அனுப்பியது என் தப்பு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நான் கேட்டது மூன்று மாத விடுப்பு. அது உங்களுக்குப் புரியாத அட்டவணை இல்லை.

இருபத்திரண்டாம் தேதி வருகிறேன். நேராக அக்கா வீட்டுக்குப் போய்விடுவேன். வேறு வேலை கிடைக்கும்வரை அங்கேதான் இருப்பேன். அழைக்க யாரும் வர வேண்டாம். மூன்றாம் மாடித் தாத்தாவிடம் இன்னும் சொல்லவில்லை. அவர் தினமும் திருத்திக்கொண்டிருக்கிறார்.

மாத்திரையை வேளை தவறாமல் போடுங்கள்.

இன்னொரு வெற்றுத் தாள் உங்களிடம் இருக்கிறது, என் கையெழுத்தோடு. அதைக் கிழித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
மகள்