பெயின்ட் அடிக்காத புலி

9.5.1994
இன்று என் புகழ் ஒழுகிவிட்டது. பள்ளி அறிவியல் கழகப் பலகைக்கு மேலே கூரை ஒழுகியதில் என் பட்டாம்பூச்சியின் கலர் வழிந்து, அடியிலிருந்த பெயர்ச்சீட்டு வரை வந்துவிட்டது.

அது எங்கள் ஊர் ரெம்பியாவில் வாய்க்காலோரம் செத்துக் கிடந்த சாதாரணப் பூச்சி. வெளிர்நீலச் சிறகு, கறுப்பு நரம்பு. பின்சிறகில் மட்டும் தங்கச்சியின் வாட்டர்கலரால் செம்பழுப்பு அடித்து, உயர்ந்த மலையில் மட்டும் பறக்கும் 'செஸ்ட்நட் டைகர்' என்று குத்திவைத்திருந்தேன். அசெம்பிளியில் கைதட்டல்கூட வாங்கினேன்.

பவானேஸ்வரி டீச்சர் கேட்டார்: "அனுசியா, மேக்கப் போட்டது பூச்சிக்கா, எனக்கா?"

மாவட்ட அறிவியல் கண்காட்சியில் எனக்குப் பதில் என் வகுப்புத் தினேஷ்வரன் பேசுவானாம். எனக்கு இருக்கும் ஒரே சொத்து வாய். அதையும் ஜப்தி செய்துவிட்டார்கள்.

10.5.1994
தினேஷ்வரன் எனக்குப் பெயர் வைத்துவிட்டான். பெயின்ட்டம்மா.

30.5.1994
கழகத்தோடு கேமரன் மலை. வளைவுக்கு ஒருவர் வாந்தி. குளிரில் என் கையெழுத்தும் நடுங்குகிறது.

31.5.1994
பார்த்தேன். நிஜமாகவே.

பிரிஞ்சாங் போகும் பாதையில், ஒரு வெள்ளைப் பூமேல். அதே வெளிர்நீலம், அதே கறுப்பு நரம்பு. பின்சிறகு ஓரம் முழுக்கச் செம்பழுப்பு.

"டீச்சர், செஸ்ட்நட் டைகர்."

"எந்தக் கடை பெயின்ட்லா?" என்றான் தினேஷ்வரன். எல்லாரும் சிரித்தார்கள். டீச்சர் திரும்பக்கூட இல்லை.

பொய் சொன்னப்ப கைதட்டுனீங்களே, இப்ப என்னவாம்? நான் விடல.

"சிரிங்க. நான் மேல மட்டும்தான் அடிச்சேன், அடியில அடிக்கல, சோம்பேறித்தனம். இது சிறகை மூடட்டும். அடியில செம்பழுப்பு இல்லாட்டி என்னைய இங்கயே விட்டுட்டுப் போங்க."

அது மூடுவேனா என்றது. தேனை உறிஞ்சிக்கொண்டே எங்களைக் காக்கவைத்தது. பிறகு மெல்ல மூடியது.

அடியிலும் செம்பழுப்பு. கொஞ்சம் வெளிறி, கரைந்து வழியாத செம்பழுப்பு.

டீச்சர் ஈரப்புல்லில் மண்டியிட்டுப் படம் எடுத்தார். புடவை முழுக்கச் சேறு. "அடியில பாக்கணும்னு எப்படிடி தோணுச்சு?"

"எந்த ஜன்னல் பூட்டலன்னு திருடனுக்குத்தானே தெரியும், டீச்சர்."

தினேஷ்வரன் வாயை மூடினான். அவனுக்கு அடிப்புறம் என்ன கலரோ.

2.7.1994
கண்காட்சி. நான்தான் பேசினேன். தினேஷ்வரன் குச்சியால் படத்தைச் சுட்டிக் காட்டினான், நான் சொன்ன இடத்தில் எல்லாம்.

மலையில் எடுத்த படத்துக்குப் பக்கத்திலேயே, கலர் வழிந்த என் பழைய பூச்சியையும் டீச்சர் குத்திவைத்திருந்தார். இரண்டுக்கும் கீழே அவர் கையெழுத்தில் சீட்டு.

'போலி: செய்தவர் அனுசியா.'
'அசல்: அடையாளம் கண்டவர் அனுசியா.'

அம்மா ஃபேக்டரி உடுப்போடு நேராக வந்து இரண்டையும் வாசித்தார். முதல் சீட்டில் கொஞ்சம் முறைத்தார். இரண்டாவதைப் பக்கத்தில் நின்ற யாரோ ஒரு அக்காவுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினார்.